கடைசி வீட்டுக்கு முப்பத்தைந்து

அந்தப் போட்டோ இன்னும் என் கம்ப்யூட்டரில் இருக்கிறது. நீலச் சேலையில் என் அம்மா, எங்கள் வீட்டு வாசலில் புதிதாக நட்ட குடிநீர்க் குழாயின் மேல் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். சிரிக்கச் சொல்லியிருக்கிறார்கள், சிரித்திருக்கிறாள். குழாயைத் திறந்தால் அன்றைக்குக் காற்றுகூட வராது. அந்தப் போட்டோவை ஏற்றி, அதற்கு எதிரே 'பணி முடிந்தது' என்று பதிந்தவள் நான்தான். பதியச் சொன்னவர் எங்கள் ஏ.இ. சார். உதவிப் பொறியாளர் என்று முழுசாக யாரும் அங்கே சொல்வதில்லை. அவர் ஓய்வு பெற்று இரண்டு மாதம் ஆகிறது. விராலிமலைப் பக்கம் சொந்த வீட்டில் இருக்கிறார், நன்றாகத்தான் இருக்கிறார் என்று கேள்வி. இருக்கட்டும். ஆனால் அவர் எதற்காக முப்பது வருடம் காத்திருந்தாரோ அது அவருக்குக் கிடைக்கவில்லை. கிடைக்காமல் செய்தவள் நான். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமே இல்லை. வெட்கப்பட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது, அது கடைசியில் வரும்.

புதுக்கோட்டையில் அவருடைய அலுவலகத்தில் நான் ஒப்பந்தத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன். ஊர் ஊராகக் குடிநீர்க் குழாய் போடும் திட்டம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. எந்த ஊரில் எவ்வளவு வேலை முடிந்தது என்று எக்செல் தாளில் ஏற்றுவது என் வேலை. ஏ.இ. சாரைப் பற்றி ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவர் கை நீட்டுகிற ஆள் இல்லை. காண்ட்ராக்டர் வாங்கிக் கொடுக்கும் டீயைக்கூடக் குடிக்க மாட்டார், பிளாஸ்கில் வீட்டுக் காப்பி வரும். லஞ்சம் வாங்குகிறவராக இருந்திருந்தால் என் கோபம் பாதியிலேயே அடங்கியிருக்கும், ஊரில் பத்தோடு பதினொன்று என்று விட்டிருப்பேன். இவருக்கு ஆசை சதவீதத்தின் மேல். அறையில் ஒரு வெள்ளைப் பலகை, அதில் அவருடைய கையில் இருந்த பதினெட்டு ஊர்களின் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு எண். தினமும் காலையில் வந்ததும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு முந்தின நாள் எண்ணை அழித்துப் புது எண்ணை எழுதுவார். எழுதிவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்று பார்ப்பார். "சதவீதம்தாம்மா பேசணும், நாம பேசக் கூடாது" என்பார். மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தில் மற்றவர்கள் எல்லாம் மழை, பாறை, நிலத் தகராறு என்று கதை சொல்லிக்கொண்டிருக்க, இவர் ஒரே ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

அந்த எண் எப்படி வந்தது என்பதைச் சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் புரியும். ஆலங்குடிக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளலாம். நூற்றுத் தொண்ணூற்றைந்து வீடு. வீட்டுக்கு ஒரு குழாய் என்றால் நூற்றுத் தொண்ணூற்றைந்து உட்பணிகள். அதோடு ஆழ்துளைக் கிணறு, மோட்டார் அறை, மேல்நிலைத் தொட்டி, தெருவில் புதைக்கும் பெரிய குழாய், கடைசி வீட்டுக்குத் தண்ணீர் போய்ச் சேருகிறதா என்ற சோதனை என்று ஐந்து. ஆக இருநூறு. இதில் எத்தனை முடிந்தது என்று எண்ணி இருநூறால் வகுத்தால் ஊரின் சதவீதம். இதுதான் அவர் வைத்திருந்த கணக்கு. கிணறு தோண்டுவதும் ஒன்று, எங்கள் வீட்டு வாசலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பைப்பை நட்டு முனையில் குழாயைத் திருகுவதும் ஒன்று. மற்ற பொறியாளர்கள் முதலில் கிணறு, பிறகு தொட்டி என்று முறையாகப் போய் ஒரு வருடம் கழித்தும் ஒரு சதவீதத்தில் நின்று திட்டு வாங்கினார்கள். இவர் நேரே வீட்டு வாசல்களில் ஆரம்பித்தார். ஒரு நாளைக்கு இருபது குழாய் நட்டால் பத்து சதவீதம் ஏறும். மூன்று வாரத்துக்குள் எங்கள் ஊரின் எல்லா வாசலிலும் குழாய் நின்றது. பெரிய குழாயைப் புதைத்தார், மோட்டார் இல்லாத மோட்டார் அறையைக் கட்டி மஞ்சள் பெயின்ட் அடித்தார். கிணறு இல்லை, தொட்டி இல்லை, தண்ணீர் இல்லை. இருநூற்றுக்கு நூற்றுத் தொண்ணூற்றேழு முடிந்தது, அதாவது தொண்ணூற்றெட்டரை. அந்த அரையையும் விடாமல் ஏற்றிப் பலகையில் தொண்ணூற்றொன்பது என்று எழுதினார்.

தொண்ணூற்றொன்பது எழுதிய அதே வாரத்தில் என் அம்மா ஊருணிக் கரையில் விழுந்தாள். இரண்டு குடம், தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று. மழை பெய்து கரை வழுக்கியிருக்கிறது. வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. நான் லீவு போட்டுப் போய்ப் பார்த்தபோது கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, குடம் நசுங்கிப் போனதைப் பற்றித்தான் பேசினாள். வாசலில் அந்தக் குழாய் நின்றது. அதன் மேல் அம்மா ஒரு துணியைக் காயப் போட்டிருந்தாள். எங்கள் வீடு தெருவின் கடைசி வீடு, அதற்கு அப்புறம் முந்திரிக் காடுதான். அங்கேயிருந்து ஊருணிக்கு நடந்தால் இருபது நிமிடம், குடத்தோடு திரும்ப முப்பது. அன்றைக்கு நான் இரண்டு தடவை போய் வந்தேன். போகும்போதும் வரும்போதும் என் மண்டைக்குள் அந்தத் தொண்ணூற்றொன்பதுதான் ஓடியது. அதை ஏற்றிய கை இது.

திங்கட்கிழமை அலுவலகம் போனதும் எக்செல் தாளில் மேலிருந்து கீழாக ஒரு புதுப் பத்தி சேர்த்தேன். தலைப்பில் 'எடை' என்று போட்டேன், எந்த வேலை எவ்வளவு பெரியது என்று சொல்லும் எண். இதுவரை எந்த வேலைக்கும் எடை எழுதவில்லை, எழுதாத இடத்தில் எல்லாவற்றுக்கும் ஒன்று என்று தானாக எடுத்துக்கொண்டிருந்தது. எல்லாத் தப்பும் அங்கேதான். நான் யோசித்து நியாயமாகவே எடை போட்டேன். நூற்றுத் தொண்ணூற்றைந்து குழாய்க்கும் சேர்த்து இருபத்தைந்து. மோட்டார் அறைக்கு ஐந்து, தெருக் குழாய்க்குப் பத்து, கிணற்றுக்குப் பதினைந்து, தொட்டிக்கு இருபத்தைந்து, கடைசி வீட்டுக்குத் தண்ணீர் சேர்வதற்கு இருபது. கூட்டினால் நூறு. ஒவ்வொரு உட்பணியின் எடையையும் அது முடிந்திருக்கும் அளவோடு பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் ஊரின் சதவீதம் வந்துவிடும். எட்டாம் வகுப்புக் கணக்கு. எங்கள் ஊர் தொண்ணூற்றொன்பதிலிருந்து நாற்பதுக்கு இறங்கியது. அந்தத் தாளைத்தான் ஆய்வுக் கூட்டத்துக்கு அனுப்பினேன். கைத்தவறாக இல்லை, தெரிந்தேதான் அனுப்பினேன். அவரிடம் முதலில் சொல்லியிருக்கலாம். சொன்னால் அழிக்கச் சொல்வார் என்று தெரியும்.

கூட்டத்தில் பெரிய திரையில் நாற்பது என்று வந்தபோது அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது, நான் கடைசி வரிசையில் கம்ப்யூட்டர் பக்கம் குனிந்திருந்தேன். குரல்தான் கேட்டது. கத்தவில்லை. சிரித்துக்கொண்டே கேட்டார்.

"ஏம்மா, நீ கம்ப்யூட்டரா, இஞ்சினியரா?"

அறை முழுக்கச் சிரித்தது. நாற்பது பேர் இருந்திருப்பார்கள். அவர் மேலதிகாரியிடம் திரும்பி, டைப் அடிக்கிற பொண்ணு சார், தெரியாமப் பண்ணிருச்சு, இதோ சரி பண்ணச் சொல்றேன் என்றார். என்னை எழுந்து நிற்க வைத்து, எல்லோர் முன்னாலும் அந்தப் பத்தியை அழிக்கச் சொன்னார். அழித்தேன். நாற்பது மறுபடி தொண்ணூற்றொன்பது ஆனது. யாரோ கைகூடத் தட்டினார்கள். மறுநாள் என்னை அனுப்பிய ஏஜென்சிக்கு அவரிடமிருந்து கடிதம் போயிற்று. இந்தப் பணியாளர் வேண்டுமென்றே பொய்யான விவரங்களைப் பதிவு செய்தவர், இனி இவரை எந்த அலுவலகத்துக்கும் அனுப்ப வேண்டாம். பொய்யான என்ற சொல்லுக்குக் கீழே கோடு வேறு.

வேலை போனதைக்கூட நான் தாங்கிக்கொண்டிருப்பேன். கடிதம் போனதோடு நிற்கவில்லை, செய்தி ஊருக்கு வந்துவிட்டது. ஆலங்குடி பஸ்ஸில் ஒருத்தி அம்மாவிடம் கேட்டிருக்கிறாள், ஒங்க மக பொய்க் கணக்கு எழுதிப் பிடிபட்டுச்சாமே, நெசமா என்று. கட்டுப் போட்ட கையோடு அம்மா பஸ்ஸிலேயே அவளிடம் சண்டைக்குப் போயிருக்கிறாள். ரேஷன் கடையில், சர்ச் வாசலில், கல்யாண வீட்டுப் பந்தியில், எங்கே யார் லேசாக வாயைத் திறந்தாலும் அம்மா விட மாட்டாள். எனக்குச் சதவீதமும் தெரியாது, எடையும் தெரியாது, எம் மக இல்லாதத இருக்குன்னு எழுத மாட்டா, அதுக்குத்தான் அனுப்பிச்சுட்டாங்க என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள். நான் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டியதோடு சரி, நடந்ததை விளக்கவே இல்லை. அவளாகவே முடிவு பண்ணிக்கொண்டாள். அவள் அப்படி ஊரெல்லாம் சண்டை போட்டுக்கொண்டு திரிந்ததைப் பார்க்கப் பார்க்க, அந்த மனுஷனை ஒரு நாள் நிற்க வைத்துக் கேட்காமல் விடுவதில்லை என்று எனக்குள் இறுகிப் போயிற்று. சாமி கும்பிடும்போதுகூட அதைத்தான் கேட்டேன். மன்னிக்கக் கற்றுக்கொடு என்று கேட்பதுதான் முறை. நான் கேட்கவில்லை.

ஆறு மாதம் சும்மா இருந்தேன். பிறகு ஆலங்குடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுத்தேன், அங்கிருந்து திருச்சியில் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி ஒன்றுக்குப் போனேன். நாலு வருடம் மாடாக உழைத்தேன். ஒரு நாள் எங்கள் முதலாளி என்னைக் கூப்பிட்டு, குடிநீர்த் திட்ட வேலைகளின் முன்னேற்றத்தைக் கணக்கிட அரசாங்கத்தில் ஒரு மென்பொருள் கேட்கிறார்கள், நீ அந்தப் பக்கம் வேலை பார்த்தவள்தானே, நீயே வடிவமைத்துவிடு என்றார். நான் சரி என்றேன். டாய்லெட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன்.

அந்த மென்பொருளின் அஸ்திவாரத்தை நானே போட்டேன். ஊர் என்று ஒரு அட்டவணை, அதன் கீழே உட்பணிகள் என்று ஒரு அட்டவணை, அதற்கும் கீழே வீடுகள். ஒவ்வொரு உட்பணிக்கும் எடை உண்டு, அந்தக் கட்டத்தைக் காலியாக விட முடியாது. ஊருக்குச் சதவீதம் என்று ஒரு கட்டமே கிடையாது. யாராவது கேட்கும்போது கீழே இருந்து பெருக்கிக் கூட்டிக்கொண்டு மேலே வரும், கையால் யாரும் எழுத முடியாது. தலைகீழாக நின்றாலும் முடியாது. குழாய்கள் எல்லாம் ஒரே உட்பணிக்குள் அடங்கிவிட்டதால் இருநூறு குழாய் நட்டாலும் இரண்டாயிரம் குழாய் நட்டாலும் அந்த உட்பணியின் எடைக்கு மேல் ஒரு புள்ளி ஏறாது. இதுவரை எல்லாம் நியாயம், யார் வந்து கேட்டாலும் பதில் சொல்வேன்.

நியாயமில்லாதது அடுத்து நடந்தது. எடைகளைப் பழையபடியே போட்டேன், குழாய்களுக்கு இருபத்தைந்து, கடைசி வீட்டுத் தண்ணீருக்கு இருபது. போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுபத்தைந்தைத் தாண்டிய ஊரை முடியும் நிலையில் உள்ளது என்று எடுத்துக்கொள்வார்கள், அதிகாரிக்கு அது நல்ல பெயர். இந்த எடைப்படி ஏ.இ. சார் கிணறும் தொட்டியும் கட்டிவிட்டால் போதும், கடைசி வீட்டில் சொட்டுத் தண்ணீர் வராவிட்டாலும் எண்பது வந்துவிடும். அம்மாவின் அந்தப் போட்டோவைத் திறந்து வைத்துக்கொண்டு, குழாய்களிலிருந்து பதினைந்தைப் பிடுங்கிக் கடைசி வீட்டுக்குப் போட்டேன். குழாய்களுக்குப் பத்து, கடைசி வீட்டுக்கு முப்பத்தைந்து. இப்போது கடைசி வீட்டுக்குத் தண்ணீர் போகாத எந்த ஊரும் அறுபத்தைந்தைத் தாண்டாது. தண்ணீர் வருகிறது என்று அதிகாரி சொன்னாலும் செல்லாது. குழாய்க்குப் பக்கத்தில் நின்றபடி அவர் தன் செல்போனில் பொத்தானை அழுத்த வேண்டும், அந்த வீட்டுக்காரரின் செல்போனுக்கு ஆறு இலக்க ஓடிபி எண் ஒன்று வரும், அதை வாங்கிப் பதிந்தால்தான் முப்பத்தைந்தும் ஏறும். சென்னையில் நடந்த கூட்டத்தில் பெரிய அதிகாரி ஒருவர் இந்த முப்பத்தைந்தைப் பார்த்துவிட்டு, பிரமாதம்மா, கடைசி மனுசன நெனச்சுப் பண்ணிருக்கீங்க என்று பாராட்டினார். நன்றி சார் என்றேன். அந்தப் பதினைந்து புள்ளி ஒரு மனிதரைக் குறி வைத்துப் போட்டது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

மென்பொருள் ஓட ஆரம்பித்த அன்று முதலில் எங்கள் ஊரைத்தான் திறந்தேன். இருபத்தைந்து. ஏ.இ. சாரின் பதினெட்டு ஊரும் ஒரே நாளில் சரிந்து விழுந்தன. அவருக்கு ஓய்வு பெற ஏழு மாதம் இருந்தது. அதற்குள் அவருடைய எல்லா ஊரும் எழுபத்தைந்தைத் தாண்டினால்தான் பதவி உயர்வுக் கோப்பு நகரும் என்று பழைய அலுவலகத் தோழி சொன்னாள். ஒரு நாளாவது மேலதிகாரியின் அந்தப் பெரிய அறையில் உட்கார்ந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன் என்று அவர் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாராம். உண்மையைச் சொல்ல வேண்டும், அந்த ஏழு மாதமும் அவர் பேயாக வேலை பார்த்தார். எங்கள் ஊரில் இரண்டு இடத்தில் போர் போட்டுப் பாறைதான் வந்தது, மூன்றாவது இடத்தில் தண்ணீர் பார்த்தார். தொட்டிக்கு இடம் தர மாட்டேன் என்றவர் வீட்டு வாசலில் நாலு நாள் போய் நின்று வாங்கினார். வெயிலில் நின்று கான்கிரீட் போடுவதைப் பார்த்தார். மற்ற பதினேழு ஊரும் ஒவ்வொன்றாக ஏறிவிட்டன. எங்கள் ஊர்தான் கடைசி. அம்மாதான் போனில் எல்லாம் சொல்வாள். ஆளு கருத்துப் போனாருத்தா என்பாள்.

அவர் ஓய்வு பெறும் மாதம் இருபத்தேழாம் தேதி காலையில் எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வந்தது. அம்மா போன் செய்தாள். முதலில் கலங்கலா வந்துச்சுத்தா, இப்பத் தெளிஞ்சிருச்சு, ரெண்டு அண்டா புடிச்சு வச்சிட்டேன், ஒங்க அப்பா இருந்திருந்தா என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். அரை மணி நேரத்தில் அடுத்த போன் வந்தது. தெரியாத எண். எடுத்ததும் குரல் தெரிந்துவிட்டது.

எங்கள் வீட்டு விவரத்தை அந்தக் காலத்தில் ஏற்றியதும் நான்தானே. அம்மாவுக்கு அப்போது செல்போன் இல்லை. வீட்டுக்காரர் போன் எண் என்ற இடத்தில் என் எண்ணைப் போட்டிருந்தேன். எங்கள் ஊரில் பாதி வீட்டுக்கு இப்படித்தான், சிங்கப்பூரில் இருக்கும் மகன் எண், திருப்பூரில் இருக்கும் மருமகன் எண். ஓடிபி விதியை எழுதும்போது இது எனக்கு நினைவிருந்ததா என்று கேட்டால், இருந்தது. ஓடிபி பத்து நிமிடம்தான் செல்லும், ஒரு நாளைக்கு மூன்று தடவைதான் அனுப்பலாம். போன் எண்ணை மாற்ற விண்ணப்பித்தால் பதினைந்து நாள் ஆகும். அவருக்கு இருந்தது நாலு நாள்.

மேடம் என்று கூப்பிட்டார். நான் யார் என்று தெரிந்தே கூப்பிட்டார். அம்மா வீட்டுக்குத் தண்ணி வந்துருச்சு மேடம், உங்களுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், பார்த்துச் சொல்றீங்களா என்றார். என் செல்போனில் ஆறு இலக்கமும் பளிச்சென்று நின்றன. வரவில்லை சார் என்றேன். மறுபடி அனுப்பினார், வந்தது, வரவில்லை என்றேன். மூன்றாவது தடவையும் அப்படியே. மறுநாள் காலையிலேயே ஊரில் அம்மா வீட்டு வாசலில் நின்றுகொண்டு கூப்பிட்டார். டவர் இல்லையோ மேடம், வெளியே வந்து பாருங்க மேடம் என்றார். நான் மாடிக்குப் போவது மாதிரி நாலு படி ஏறி இறங்கிவிட்டு, இல்லை சார் என்றேன். இதில் எனக்கு எவ்வளவு இனித்தது என்பதை மறைக்க மாட்டேன். ஒவ்வொரு மேடத்துக்கும் அந்தக் கூட்டத்தில் சிரித்த ஒவ்வொருத்தனின் முகத்தையும் நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் அவர் கெஞ்சினார். மேடம், பழசெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க என்றார். எந்தப் பழசு சார் என்று கேட்டேன். அன்று ஒரு வார்த்தை, தப்புப் பண்ணிட்டேன்மா என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கொடுத்திருப்பேனோ என்னவோ. அவர் சொல்லவில்லை. பதினெட்டில் பதினேழு ஆச்சு மேடம், இது ஒண்ணுதான் பாக்கி என்று எண்ணைத்தான் சொன்னார்.

மறு மாதம் முதல் தேதி, அவருக்குப் பதிலாக வந்த பெண் பொறியாளர் பொத்தானை அழுத்தினார். நான் ஆறு இலக்கத்தையும் முதல் நிமிடத்திலேயே சொல்லிவிட்டேன். எங்கள் ஊர் நூறு. அதோடு வேலை முடிந்தது. ஆனால் அதற்கு முந்தின நாள், முப்பதாம் தேதி, அவருடைய கடைசி நாளில் நடந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை.

மாலை நாலு மணி இருக்கும். ஐந்துக்குள் பதிந்தால் அன்றைய கணக்கில் சேரும், அவருடைய பெயரில் சேரும். இரண்டு தடவை காலையிலேயே போய்விட்டது, மிச்சம் ஒன்றுதான். அலுவலகத்தில் வழியனுப்பு விழாவுக்கு மாலை வாங்கி வைத்திருந்தார்களாம், அதை விட்டுவிட்டு எங்கள் வீட்டு வாசலில் நின்றார். பொத்தானை அழுத்திவிட்டுக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டிருந்தார் போலிருக்கிறது, குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது, வாளி நிறைகிற சத்தம். நம்பர் வந்துச்சா மேடம் என்றார். இல்லை சார் என்றேன். அப்போதுதான் முதல் தடவையாக அவருக்குக் கோபம் வந்தது. என்னிடம் இல்லை, பக்கத்தில் நின்ற என் அம்மாவிடம் திரும்பினார்.

"பொய் சொல்றாம்மா ஒங்க மக. வேணும்னே பொய் சொல்றா."

அம்மா குழாயை மூடினாள், சத்தம் நின்றது. அந்த நாலு நாளும் அவருக்கு மோர் கலக்கிக் கொடுத்தவள், நாற்காலி எடுத்துப் போட்டவள். பிறகு அவள் குரல் கேட்டது, சண்டைக்காரக் குரல் இல்லை, ரொம்ப நிதானமான குரல்.

"எம் மக பொய் எழுத மாட்டேன்னுதானங்க அன்னைக்கு வேலைய விட்டு அனுப்புனீங்க? அஞ்சு வருசமா இந்த ஊரு பூராச் சொல்லிட்டேன், ஒங்ககிட்டயும் சொல்றேன். அவ வரலைன்னா வரலை."

அவர் ஏதோ முணுமுணுத்தார். அம்மா அவர் கையிலிருந்து போனை வாங்கியிருக்க வேண்டும், குரல் கிட்டத்தில் வந்தது. என் மேஜை மேல் அந்த ஆறு இலக்கமும் இருந்தன, இன்னும் ஏழு நிமிடம் செல்லும். தண்ணீர் வந்துகொண்டிருக்கும் வீட்டை நாலு நாளாக வராத வீடாக வைத்திருப்பது நான். இல்லாததை இருக்கிறது என்று எழுதிய அவரும் இருப்பதை இல்லை என்று சொன்ன நானும் ஒரே தாளில் நின்றோம். இதெல்லாம் அந்த நேரத்திலேயே எனக்குத் தெரிந்தது, பிறகு யோசித்துச் சொல்வதில்லை.

"நீ சொல்லுத்தா," என்றாள் அம்மா. "நம்பரு வந்துச்சா?"

"வரலைம்மா," என்றேன்.

"கேட்டுக்கிட்டீங்களா சார்," என்று அவள் அவரிடம் சொல்வது கேட்டது.